பழைய வண்டியில் பெரிய எஞ்சின் பொருத்தலாமா? வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து கடிதங்கள் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. ஐந்தும் ஏறக்குறைய ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொண்டு விடையளிக்கிறேன். முதல் கடிதத்திற்கான விடை நீளமானது; மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் விடைக்கு வருவது நல்லது.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் குடும்பத்தில் 1994-ஆம் ஆண்டு மஹிந்திரா ஜீப் ஒன்று உள்ளது. 2112 சி.சி. பெஜோ டீசல் எஞ்சின், நான்கு கியர். வலை, ஐஸ் பெட்டி, மீன் கூடை ஆகியவற்றைக் கடற்கரை மணலிலிருந்து தார்ச்சாலைக்கு ஏற்றி வர அதைப் பயன்படுத்துகிறோம். சில மாதங்களாக மணலில் இழுவை குறைந்துவிட்டது. சாலையில்கூட மூன்றாவது கியரில் திணறுகிறது. 2523 சி.சி. டி.ஐ. எஞ்சின் ஒன்றை வாங்கி மாற்றிவிட்டால் வண்டி புதிதாகிவிடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். மாற்றலாமா? சட்டச் சிக்கல் ஏதும் வருமா?
பெரியபட்டினம் வாசகர்

பதில்: தங்கள் கடிதத்தில் ‘சில மாதங்களாக’ என்ற சொற்களைத்தான் நான் முதலில் அடிக்கோடிட்டேன். முப்பது ஆண்டுகளாக இதே மணலில், இதே சுமையை, இதே எஞ்சின் இழுத்து வந்திருக்கிறது. எஞ்சின் சிறியது என்பது குறையாக இருந்திருந்தால் அது வாங்கிய நாளிலேயே தெரிந்திருக்கும். நேற்றுவரை இழுத்த வண்டி இன்று இழுக்கவில்லை என்றால், இடையில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது, அடைத்திருக்கிறது அல்லது இறுகியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் எஞ்சினை மாற்றினால் பழைய குறை புதிய எஞ்சினோடும் தொடர்ந்து வரும்.

நம் கடற்கரை வண்டிகளில் இழுவைக் குறைவுக்கு நான் அதிகம் கண்ட காரணம் எஞ்சினில் இல்லை, பிரேக்கில் இருக்கிறது. உப்புநீர் பட்டுப் பட்டு வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிடும்; பெடலை விட்ட பிறகும் பிரேக் ஷூ டிரம்மை விட்டு விலகாது. வண்டி நாள் முழுவதும் பிரேக்கை இழுத்துக்கொண்டே ஓடும். நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாக ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு சக்கரமாவது கனமாகச் சுற்றினால் குறை அங்கேதான் தொடங்குகிறது. அடுத்தது கிளட்ச். சமதரையில் கைப்பிரேக்கை நன்றாகப் போட்டு, நாலாவது கியரில் வைத்து, கிளட்ச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது, எஞ்சின் உண்டாக்கும் விசை சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. டயர்களையும் பாருங்கள். இடையில் யாராவது பழைய அளவைவிட உயரமான டயர்களை மாட்டியிருந்தால், எல்லாக் கியரும் ஒரு படி கனமானதாகிவிடும். மூன்றாவது கியரில் திணறுவதற்கு அது ஒன்றே போதும்.

இவை சரியாக இருந்தால் மட்டும் எஞ்சினுக்கு வாருங்கள். ஏர் ஃபில்டரில் மெல்லிய மணல் படிந்திருக்கிறதா என்று பார்த்து, அதன் எண்ணெயை மாற்றுங்கள். நான்கு நாசில்களையும் கழற்றிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். டீசல் பம்பின் டைமிங்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பின்பு நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் கருவி வைத்து அளந்து, எண்களை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான்கும் ஒன்றோடொன்று நெருங்கியிருந்து, நிறுவனம் குறித்த அளவுக்குக் குறையாமலும் இருந்தால் எஞ்சின் நலமாகத்தான் இருக்கிறது. ஒன்றிரண்டு மட்டும் மிகக் குறைவாக இருந்தால் ரிங், வால்வு, ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றில் எது காரணம் என்று பார்த்துச் சரிசெய்யலாம். எல்லாமே தேய்ந்திருந்தால் போரிங் செய்து புதிய பிஸ்டன் போட்டால் அதே எஞ்சின் இன்னும் பல்லாண்டு உழைக்கும். அளக்காமலே ‘எஞ்சின் போய்விட்டது’ என்று சொல்லும் பட்டறையை நம்பாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பெரிய எஞ்சின் வேண்டும் என்று தோன்றினால், எதை வாங்குகிறோம் என்பதை எண்களால் புரிந்துகொள்ள வேண்டும். தங்கள் பெஜோ எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்றில் ஏறக்குறைய 62 குதிரைத்திறன் தருவது. 2523 சி.சி. டி.ஐ. எஞ்சினோ (டீசலை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் வகை), மஹிந்திராவின் ‘தார்’ டி.ஐ. ஜீப்பில் டர்போவுடன் (கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) வந்த வடிவத்தில்கூட, 3,200 சுற்றில் 63 குதிரைத்திறன்தான் தந்தது. கொள்ளளவு 400 சி.சி. கூடியும் குதிரைத்திறனில் ஒன்றே ஒன்றுதான் வேறுபாடு. அப்படியானால் அந்தக் கூடுதல் கொள்ளளவு எங்கே போயிற்று என்றால், முறுக்குவிசைக்குப் போயிற்று. ஏறக்குறைய அதே திறனை மிகக் குறைந்த சுற்றிலேயே தருகிறது என்பதால், அந்தந்தச் சுற்றில் கணக்கிட்டால் பழைய எஞ்சின் 98 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கும் இடத்தில் இது 140 அளவுக்கு முறுக்குகிறது. மணலுக்கு அது நல்லதுதான். ஆனால் அந்த முறுக்கைத் தாங்க வேண்டியவை பின்னால் வரிசையாக நிற்கின்றன: கிளட்ச் பிளேட், கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயின்ட் ராடு, அதன் முனைகளில் உள்ள கிராஸ்கள், ஆக்சிலுக்குள் சுழற்சியைக் குறைக்கும் பல்சக்கர இணையான கிரவுன் பினியன், கடைசியாக ஆக்சில் ராடு. முதல் கியரில், லோ ரேஞ்சில், மணலில் புதைந்த சக்கரத்தைத் திருப்பும்போது எஞ்சினின் விசை பல மடங்காகப் பெருகி ஆக்சிலுக்கு வருகிறது. முப்பது வயதான ஆக்சிலுக்குக் கூடுதலாக நாற்பது விழுக்காடு விசையைக் கொடுப்பது சிறிய செயல் அன்று.

வேகத்தின் கணக்கு இன்னும் பலருக்கு வியப்பளிக்கும். பழைய ஜீப்புகளில் கிரவுன் பினியன் விகிதம் 5.38 வரை இருந்திருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம். டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.25 மீட்டர் உருளும் என்று வைத்துக்கொண்டால், நாலாவது கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,190 முறை சுற்ற வேண்டும். பழைய எஞ்சினுக்கு அது சாதாரண நடை. டி.ஐ. எஞ்சினுக்கு அதுவே எல்லை. ஆக, பெரிய எஞ்சினை மாட்டிக் கிரவுன் பினியனைப் பழையபடியே விட்டால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தங்கள் ஜீப் முன்பைவிட மெதுவாகத்தான் ஓடும்; அதுவும் இரைச்சலோடு ஓடும். இதைச் சரிசெய்யக் கிரவுன் பினியனை மாற்ற வேண்டும். நான்கு சக்கர இழுவை உள்ள ஜீப்பில் முன் ஆக்சிலிலும் பின் ஆக்சிலிலும் ஒரே விகிதமாக இரண்டையும் மாற்ற வேண்டும். எஞ்சின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குகிறவர்கள் பாதி வழியில் நின்றுவிடுவது இதனால்தான்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தனுஷ்கோடிக்கு 2017-இல் தார்ச்சாலை திறக்கப்படுவதற்கு முன்பு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் நீரிலும் ஜீப்புகளும் வேன்களும்தான் பயணிகளை ஏற்றிச் சென்றன. அந்த நாள்களில் ஒரு ஜீப்புக்கு நானே பெரிய டீசல் எஞ்சினைப் பொருத்திக் கொடுத்தேன். அடாப்டர் பிளேட்டை லேத்தில் கடைந்தோம். மவுண்டிங்கை உட்கார வைத்தோம். எஞ்சின் ஒரே சாவியில் உறுமி எழுந்தது. ஆக்சில் ராடைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. மூன்றாம் வாரத்தில், மாலை நேரத்தில், பயணிகளோடு திரும்பி வருகையில் மணலில் பின் ஆக்சில் ராடு முறிந்தது. அந்த வகை ஆக்சிலில் வண்டியின் எடையைத் தாங்குவதும் சக்கரத்தைப் பிடித்திருப்பதும் அதே ராடுதான் என்பதால் சக்கரமே வெளியே வந்துவிட்டது. மெதுவாக வந்ததால் யாருக்கும் காயமில்லை. குழந்தைகளும் முதியவர்களுமாக எல்லோரும் இருட்டில் நடந்தே திரும்பினார்கள். அதே முறிவு பாம்பன் பாலத்தின் மேல் நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து நான் பல இரவுகள் உறங்கவில்லை. பிழை முழுவதும் என்னுடையது. அன்றிலிருந்து யார் எஞ்சின் மாற்றக் கேட்டாலும் முதலில் பின் ஆக்சிலையும் பிரேக்கையும் பார்த்துவிட்டுத்தான் பானட்டைத் திறக்கிறேன்.

பிரேக்கைப் பற்றி ஒரு கணக்கு. ஓடும் வண்டியை நிறுத்த பிரேக் உள்வாங்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் இருமடி விகிதத்தில் கூடுகிறது. 60 கிலோமீட்டரில் ஓடியதை 80-க்கு உயர்த்தினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. பிரேக்கின் சுமையோ ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கே உள்ள, பூஸ்டர் இல்லாத ஜீப்பை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தையும் சுமையையும் மட்டும் கூட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

அடுத்தது சேசிஸ். உப்புக் காற்றில் நின்ற வண்டியின் சேசிஸ் வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். எஞ்சின் மவுண்டிங் வரும் இடத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று ஒலிக்காமல் ‘பொத்’ என்று ஒலித்தால் அங்கே கூடுதல் எடையை ஏற்றக் கூடாது. கனமான எஞ்சினை ஏற்றினால் முன் ஸ்பிரிங் பட்டைகள் படுத்து, ஸ்டியரிங் கனத்து, எஞ்சினின் அடி எண்ணெய்த் தொட்டி முன் ஆக்சிலில் இடிக்கும் வாய்ப்பும் உண்டு. இடம் போதாமல் எஞ்சினைச் சற்றுப் பின்னுக்கோ மேலுக்கோ தள்ளி வைத்தால் ஜாயின்ட் ராடின் கோணம் மாறும். கோணம் தவறினால் அதிர்வு வந்து கிராஸ்கள் சில மாதங்களிலேயே போய்விடும்.

குளிர்விப்பும் அப்படியே. கூடுதல் டீசல் எரிந்தால் கூடுதல் வெப்பம். பழைய ரேடியேட்டர் அதற்குப் போதாது. நம் ஊர்களில் இன்னொரு கேடு உண்டு. கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் பெரும்பாலும் உவர்ப்பு. அந்த நீரை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றியே குழாய்கள் காறைகட்டி, பாதி ரேடியேட்டர் இறந்து கிடக்கும். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். தங்கள் வண்டியின் திணறல் வண்டி சூடேறிய பிறகே வருகிறது என்றால் ரேடியேட்டரையும் ஐயப்படுங்கள்.

இனிச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் எவரும் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்தது. ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணும் கொள்ளளவும் எழுதப்பட்டிருக்கின்றன. 2112 என்று எழுதியிருக்கும் வண்டியில் 2523 இருந்தால் அது மாறுபாடே. அனுமதியின்றி மாற்றியமைத்தால் 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தேய்ந்த எஞ்சினை எடுத்துவிட்டு அதே தயாரிப்பும் அதே வகையுமான எஞ்சினைப் பொருத்துவது வேறு. அதற்கு இராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாக எழுதிக் கேட்டு அனுமதி பெற்று, பொருத்திய 14 நாள்களுக்குள் ஆர்.சி.யைக் கொடுத்துப் புதிய எஞ்சின் எண்ணைப் பதிவு செய்துகொள்ளலாம். வேறு வகை எஞ்சினுக்கு அனுமதி கேட்டால் மறுப்பதற்கே வாய்ப்பு அதிகம். எப்படியாயினும் முதலில் தாள், பிறகு ஸ்பானர். ‘மாட்டிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் தரகரின் சொல்லைக் கேட்காதீர்கள். 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது எஞ்சின் எண்ணைப் பார்ப்பார்கள்.

எனவே தங்களுக்கு என் அறிவுரை: இருக்கும் பெஜோ எஞ்சினைச் செம்மைப்படுத்துங்கள், பிரேக், கிளட்ச், ரேடியேட்டர் ஆகியவற்றைப் புதுப்பியுங்கள். மணலில் இறங்கும்முன் டயர் காற்றை 18 பாயிண்ட் அளவுக்குக் குறையுங்கள். டயர் அகலமாகப் படிந்து, புதையாமல் மேலே ஏறிப் போகும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள். எஞ்சின் மாற்றத்துக்குச் செலவழிக்க நினைத்த தொகையில் ஒரு சிறு பகுதிக்குக் காற்றடிக்கும் சிறிய கம்ப்ரஸர் ஒன்றை வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொண்டால், மணலில் தங்களுக்கு 400 சி.சி. தருவதைவிட அதிகமாகவே உதவும்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, என் தகப்பனார் 1987-இல் வாங்கிய டீசல் அம்பாசடர் கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. 1489 சி.சி. எஞ்சின். அவர் நினைவாக அதை விற்க மனமில்லை. மதுரைக்குப் போய்வரும்போது லாரிகளை முந்த முடியவில்லை. பிந்தைய அம்பாசடர்களில் வந்த 1995 சி.சி. இசுசு டீசல் எஞ்சினை இதில் பொருத்தலாமா? ஒரே கம்பெனி, ஒரே கார் என்பதால் தடை இருக்காது அல்லவா?
கீழக்கரை வாசகர்

பதில்: தகப்பனார் ஓட்டிய வண்டியை ஓடும் நிலையில் வைத்திருக்க விரும்பும் தங்கள் எண்ணம் போற்றத்தக்கது. அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் உத்தர்பாராவில் நின்றுபோன பிறகு, நன்றாகப் பராமரிக்கப்படும் ஒவ்வொரு காரும் அருமையாகிவிட்டது.

ஒரே கார் என்று தாங்கள் சொல்வது வெளித் தோற்றத்துக்கு உண்மை. ஆனால் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1990-களின் தொடக்கத்தில் 1817 சி.சி. இசுசு பெட்ரோல் எஞ்சினைக் கொண்டுவந்தபோது என்ன செய்தது என்று பாருங்கள். எஞ்சினை மட்டும் மாற்றவில்லை. அதற்கே உரிய ஐந்து கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. ஸ்டியரிங் தண்டிலிருந்த கியர் லீவர் தரைக்கு இறங்கியது. காரை வரைந்து செய்தவர்களே எஞ்சினோடு சேர்த்து இவ்வளவையும் மாற்ற வேண்டியிருந்தது என்றால், ஒரு பட்டறையில் எஞ்சினை மட்டும் மாற்றினால் போதும் என்று நாம் நினைப்பதற்கு ஆதாரம் இல்லை. தங்கள் காரில் அதைச் செய்ய, தரைத் தகட்டை வெட்ட வேண்டும், ஜாயின்ட் ராடின் நீளத்தை மாற்ற வேண்டும், முன் சக்கரங்களைத் தாங்கும் டார்ஷன் பாரைக் கூடுதல் எடைக்கு ஏற்ப மறுபடி சரிசெய்ய வேண்டும், பிரேக்கைப் பலப்படுத்த வேண்டும். முடிவில் தங்கள் தகப்பனாரின் கார் இருக்காது. அதன் கூட்டுக்குள் வேறொரு கார் இருக்கும்.

சட்டம் முதல் கடிதத்துக்குச் சொன்னதுதான்; ஒரே நிறுவனம் என்பதால் ‘அதே வகை’ ஆகிவிடாது. இன்சூரன்ஸில் தங்களுக்கென ஒரு சிக்கலும் இருக்கிறது. தனியார் கார்களுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 1000 சி.சி. வரை, 1000-க்கு மேல் 1500 வரை, 1500-க்கு மேல் என்று மூன்று படிகளாக வாங்கப்படுகிறது. தங்கள் 1489 சி.சி. கார் நடுப்படியில் நிற்கிறது. 1995 சி.சி. எஞ்சின் ஏறினால் கார் மேல்படிக்குப் போய்விடும். பாலிசியோ நடுப்படியிலேயே இருக்கும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அடிபட்டவரின் குடும்பத்துக்குத் தாங்களே பொறுப்பேற்க நேரிடும் நிலையை வலியத் தேடிக்கொள்ள வேண்டாம்.

அந்த டீசல் எஞ்சின் புதிதாக இருந்தபோதே நாற்பது குதிரைத்திறனை எட்டாதது. லாரியை முந்துவதற்காகச் செய்யப்பட்டதும் அன்று. எஞ்சினைப் போரிங் செய்து, நாசில்களைப் புதுப்பித்து, முன் சக்கர வேலைகளையும் பிரேக்கையும் முடித்துக்கொண்டு, மணிக்கு 60 கிலோமீட்டரில் இடப்பக்கம் போய்க்கொண்டிருங்கள். இராமநாதபுரத்திலிருந்து மதுரை வரை மலையேற்றம் எதுவும் இல்லை. விடியற்காலையில் கிளம்பினால் அரை மணி நேரம்தான் கூடுதலாகும்.

கேள்வி: எங்களுடையது ஏறக்குறைய 30 அடி நீள வள்ளம். உள்ளே பொருத்திய டீசல் எஞ்சினில் ஓடுகிறது. இப்போதுள்ளதைவிட இரு மடங்கு குதிரைத்திறன் உள்ள எஞ்சினை ஏற்றினால் கடலுக்குப் போய்த் திரும்பும் நேரம் பாதியாகுமா? சாலை வண்டியைப் பற்றித்தான் நீங்கள் எழுதுகிறீர்கள் என்பது தெரியும். எங்களுக்கு இதுதான் வண்டி.
தொண்டி வாசகர்

பதில்: ஆகாது. நீரைப் பிளந்துகொண்டு போகும் வடிவமுள்ள வள்ளம், தானே எழுப்பும் அலைக்குள் தானே சிக்கிக்கொள்கிறது. நீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அத்தகைய படகு எளிதில் எட்டும் உச்ச வேகம் ‘நாட்’ என்ற கடல்வேக அளவில் கிடைக்கும். தங்கள் வள்ளத்துக்கு அது 7 ‘நாட்’ அளவுக்குச் சற்று மேல், அதாவது மணிக்கு 13 கிலோமீட்டர் அளவு. அந்த எல்லைக்குக் கீழேகூட, திறன் வேகத்தின் மும்மடி விகிதத்தில் தேவைப்படுகிறது. குதிரைத்திறனை இரு மடங்காக்கினால் வேகம் கால் பங்குதான் கூடும். எல்லையை நெருங்கிவிட்டால் அதுவும் கூடாது. எஞ்சின் குடிக்கும் டீசல் மட்டும் தவறாமல் கூடும். பாக் நீரிணை ஆழமற்ற கடல். ஆழம் குறைந்த நீரில் படகின் பின்பகுதி தாழ்ந்து தடை மேலும் அதிகமாகும், பெரிய புரொப்பெல்லர் தரையைத் தொடும் ஆபத்தும் உண்டு.

அதற்கு முன், இப்போது இருக்கும் எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். முழு வேகத்தில் எஞ்சின் தனக்குக் குறித்த சுற்றை எட்டாமல் கரும்புகை தள்ளினால் புரொப்பெல்லர் பெரிது. சுற்று எளிதில் ஏறிவிட்டும் வள்ளம் நகராவிட்டால் சிறிது. அடிப்பலகையில் ஒட்டியிருக்கும் கடல்சிப்பியைச் சுரண்டித் துடைத்தால் கிடைக்கும் வேகம், பல சமயம் புதிய எஞ்சினால் கிடைப்பதைவிட அதிகம். எஞ்சினை மாற்றியே ஆக வேண்டும் என்றால் மீன்வளத் துறை அலுவலகத்தில் படகின் பதிவில் அதைச் சேர்க்காமல் கடலுக்குள் போகாதீர்கள். வரிவிலக்கு டீசலுக்கும் அந்தப் பதிவே ஆதாரம். பழைய வள்ளத்தின் எஞ்சின் கட்டை, கூடுதல் எடையையும் அதிர்வையும் தாங்குமா என்பதை படகு கட்டும் ஓடாவி ஒருவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எஞ்சினை மாற்றாமல் பழைய ஜீப்பின் டீசல் எஞ்சினிலேயே டர்போ ஒன்றைப் பொருத்தினால் என்ன?
ஏர்வாடி வாசகர்

பதில்: செய்யாதீர்கள். டர்போ இல்லாமல் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட பழைய டீசல் எஞ்சின்களில் காற்றை அழுத்தும் விகிதம் ஏற்கெனவே மிக அதிகம். அதற்குள் மேலும் காற்றைத் திணித்தால் பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் தாங்காது. டர்போவோடு வரும் எஞ்சின்களில் பிஸ்டன், எண்ணெய் ஓட்டம், பம்பின் அளவு எல்லாமே அதற்கென வேறாக அமைக்கப்பட்டவை. அனுமதி பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

கேள்வி: என் ஜீப்பின் எஞ்சின் பிளாக் வெடித்துவிட்டது. அதே வகை எஞ்சின் ஒன்று காயலான் கடையில் விலைக்கு இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?
மண்டபம் வாசகர்

பதில்: தங்கள் வழி சரியான வழி, அதே வகை எஞ்சினை அனுமதியோடு பொருத்துவதில் தவறில்லை. முதலில் எஞ்சின் எண்ணைப் பாருங்கள். எண் பொறித்த இடத்தில் அரத்தால் தேய்த்த தடமோ புதிய பெயின்டோ இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காமல் திரும்பிவிடுங்கள். அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து எடுக்கப்பட்டது, அந்த வண்டி உடைக்கப்பட்டதை அதன் உரிமையாளர் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவை நீக்கியிருக்கிறாரா என்று கேட்டு, அந்தத் தாளின் நகலையும் எஞ்சின் எண் எழுதிய ரசீதையும் வாங்குங்கள். இந்த இரண்டும் இல்லாவிட்டால் நாளை அது திருட்டு வண்டியின் எஞ்சின் என்று தெரியவரும்போது பதில் சொல்ல வேண்டியவர் தாங்கள்தான்.

பிறகு பொருளைப் பாருங்கள். நாசில்களைக் கழற்றிவிட்டு முன் புல்லியில் ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் தட்டாமல், இறுகாமல் சுற்ற வேண்டும். அடி எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். பளபளக்கும் உலோகத் துகள் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது; எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. புயலிலோ வெள்ளத்திலோ மூழ்கிய வண்டிகளின் எஞ்சின்களும் இக்கடைகளுக்கு வருகின்றன. ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சிலிண்டர் சுவரில் வளையமாகத் துருக்கோடு ஒன்று தெரிந்தால் அந்த எஞ்சின் உப்புநீரில் நின்றது, அதைத் தொடவே வேண்டாம். ஹெட்டைக் கழற்ற மறுக்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை. இராமநாதபுரத்தில் கிடைக்காவிட்டால் மதுரைக்கு ஒரு நாள் போய்வாருங்கள்.